பையோடு இறங்குவேன்

2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் பாடசாலையின் வாகனத் தரிப்பிடத்தில் நின்ற பேருந்தில் அம்மாவும் நானும் ஏறினோம். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு என் நினைவாற்றல் காரணமல்ல. பாடசாலை அனுப்பிய கடிதத்தைத் தமிழில் சுருக்கி எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியவள் நான்தான். ‘7.20. பிந்தினால் பஸ் நிற்காது’ என்று எழுதியிருந்தேன். பஸ் நிற்காது என்பது கடிதத்தில் இருக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லும் வழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

இந்த நாட்டில் பிறந்து, பெற்றோருக்கு வந்த கடிதங்களைப் பெற்றோருக்கே வாசித்துக் காட்டி வளர்ந்த என் வயதினரே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். வைத்தியரின் அறையிலும் வங்கியிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்றவர்கள் நீங்கள். ஒருவரிடம் வாங்கிய வாக்கியத்தை மற்றவரிடம் கொடுக்கும்போது அதில் ஏதாவது குறைந்திருந்தால், அது உங்களுக்கு மட்டுமே தெரியும். பதினொரு வயதில் நான் குறைத்துக் கொடுத்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது இது.

சென்ற மாதம் பல்கலைக்கழகத்தில், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேரும் அச்சத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் இந்த நாளைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘அச்சம் எங்கே?’ என்று விரிவுரையாளர் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். மாற்றி எழுத ஒரு வாரம் தந்தார்கள். நான் மாற்றி எழுதவில்லை. இல்லாத அச்சத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒருமுறையே போதும்.

எங்கள் வகுப்பில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பெற்றோர் குழு ஒரு சுற்றுலா ஒழுங்குசெய்யும். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து போவார்கள். எல்லோரும் தத்தம் உணவைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பண்ணைக்குப் போனார்கள், நீச்சல் தடாகத்துக்குப் போனார்கள். அம்மா எதற்கும் வந்ததில்லை. முதியோர் இல்லத்தில் அவருக்குச் சனிக்கிழமை வேலை இருந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் சமையலறையில் நின்று, இந்தமுறை மேற்குக் கரையில் இருக்கும் பழைய பங்கர் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்று டெனிஷில் சொன்னபோது, அம்மா தண்ணீர்க் குழாயை மூடினார்.

“ஆர் கட்டின பங்கர்?”

ஜெர்மன்காரர் கட்டியது, பெரிய பீரங்கிக் கோட்டை, எல்லாம் நிலத்துக்குக் கீழே என்றேன்.

“எவ்வளவு ஆழம்?”

எனக்குத் தெரியவில்லை.

“நானும் வாறன்,” என்றார். அன்றிரவே உடன் வேலை செய்பவரோடு முறை மாற்றிக்கொண்டார்.

எனக்கு அது வியப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பங்கர், ஊரில் ஷெல்லடிக்குப் பதுங்கிய குழி, எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல் போலப் புழங்கிய சொல். ஆறு வயதில் நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போர்வைகளைத் தொங்கவிட்டு ஒரு வீடு கட்டினேன். வேலை முடிந்து வந்த அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து, வாசலுக்குக் குறுக்காக வைத்தார். “வாசல் நேராய் இருக்கக் கூடாது, பிள்ளை. ‘ட’ மாதிரி வளைய வேணும். ஷெல் பீஸ் நேராய்த்தான் வரும். அதுக்குத் திரும்பத் தெரியாது.” மற்றத் தாய்மார் போர்வை வீட்டுக்குள் பொம்மைகளை வைத்திருப்பார்கள். என் தாய் நுழைவாயிலைத் திருத்தினார். குரலில் நடுக்கம் எதுவும் இருக்கவில்லை. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று சொல்லும் அதே குரல்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பையை இறக்கினார். நீலத் துணிப்பை. தோளில் குறுக்காகப் போடும் நீண்ட வார். அதன் நுனியில் பையோடு மாட்டும் வெள்ளிநிற உலோகக் கொளுவி. உள்ளே இருந்த ஒவ்வொன்றுக்கும் தனியான பொலித்தீன் உறை: கடவுச்சீட்டுகள், வதிவிட அனுமதித் தாள்கள், என் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அம்மாவின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு. அவற்றோடு ஒரு சின்ன ரோர்ச் லைற்றும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும். பிஸ்கட் காலாவதியாவதற்கு ஒரு வாரம் முன்பு எனக்குத் தரப்படும். புதியது உள்ளே போகும். மழைக்குக் குடை எடுப்பதுபோல, பங்கருக்கு அவர் பையை எடுத்தார். அதில் அவருக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நானும் எதையும் யோசிக்கவில்லை.

அப்பா அன்று மாலை முறைக்குத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பையைக் கண்டுவிட்டுச் சிரித்தார்.

“இஞ்சரும், டென்மார்க்கிலை குண்டு போட ஆர் வரப்போறான்?”

“பங்கர் எண்டால் பங்கர்தான்,” என்றார் அம்மா. “நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ.”

பேருந்தில் தேர்மோசுகளின் கோப்பி மணமும் ஈரக் கம்பளி மணமும் நிறைந்திருந்தன. அம்மா இருபத்தெட்டு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தார். தத்தம் உணவை மட்டும் கொண்டுவர வேண்டும் என்பதைக் கடிதத்திலிருந்து மொழிபெயர்க்க நான் மறந்திருந்தேன். பட்டர் பூசிய கறுப்பு ரை ரொட்டிகள் மடிகளில் கிடக்க, ரோல்ஸ் பெட்டி ஆசனம் ஆசனமாகக் கைமாறி, பாதி வழியிலேயே வெறுமையாகத் திரும்பி வந்தது. என் தோழியின் தந்தை, உழவு இயந்திரங்கள் திருத்துபவர், மூன்று சாப்பிட்டார். அம்மாவின் மடியிலிருந்த நீலப் பையைக் காட்டி, மிச்சத்தை அதற்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கியது. முதியோர் இல்லத்தில் பதினைந்து பேரோடு நாள் முழுவதும் டெனிஷ் பேசுபவர் அவர். ஆனால் ஆசிரியர்களுக்கும் மற்றப் பெற்றோருக்கும் முன்னால் அந்த மொழியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். அங்கே பிழை விட்டால் அது பிள்ளையின் கணக்கில் சேரும் என்று நினைத்தார் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது ஒரு தொல்லையாக மட்டுமே தெரிந்தது.

கோட்டை ஒரு புல்மேட்டுக்குள் மறைந்திருந்தது. மேட்டின் மேல் செம்மறிகள் மேய்ந்தன. அவற்றுக்கு நடுவே காளான்களைப் போல இரும்புத் தொப்பி போட்ட காற்றுக் குழாய்கள் நின்றன. அப்பால் மணற்குன்றுகள்; அவற்றுக்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் வடகடல். கரையோரத்தில் அடித்தளம் அரிக்கப்பட்டுச் சரிந்த இரண்டு பங்கர்கள், பாதி மணலிலும் பாதி நீரிலுமாகக் கிடந்தன. அம்மா பேருந்தால் இறங்கி, எல்லாவற்றுக்கும் முதலில் காற்றுக் குழாய்களைத்தான் எண்ணினார்.

வழிகாட்டி எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். முன்பு தச்சு வேலை செய்தவராம். கம்பளித் தொப்பி அணிந்து, இடுப்பில் பெரிய சாவிக் கொத்து ஒன்றைக் கட்டியிருந்தார். வாசலில் ஒரு வரிசைக் கொளுக்கிகள் இருந்தன. பைகளையெல்லாம் அங்கே மாட்டிவிட்டு வரவேண்டும் என்றார். உள்ளே பாதை ஒடுக்கம். சுவரில் அந்தக் காலப் படையினர் எழுதிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. பைகள் உரசி அவை அழிகின்றன. நியாயமான விதி. எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பைகளை மாட்டினார்கள். அம்மா மாட்டவில்லை.

வழிகாட்டி மீண்டும் சொன்னார். அம்மா வாரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு சிறுவன் என்னவாம் என்று கேட்டான். அப்போது வகுப்பாசிரியை வந்தார். உயரமானவர், கையால் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர் அணிந்திருந்தார். வெளிநாட்டுப் பெற்றோரோடு பேசும்போது தலையை ஒரு பக்கம் சரித்துக்கொள்வார். கெட்டவர் அல்ல. நான் எழுதுவதையெல்லாம் வாசித்து, இரவல் புத்தகங்களைத் தந்து, இன்று நான் படிக்கும் படிப்புக்கு வழி திறந்தவர். அவர் என் தோளில் கைவைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: அம்மா போரிலிருந்து வந்தவர் அல்லவா, இப்படி ஓர் இடத்துக்குள் இறங்குவது அவருக்கு எவ்வளவு கடினம் என்று எங்களுக்கு விளங்குகிறது, மேலே கோப்பி இருக்கிறது, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள் என்று அவரிடம் சொல்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எனக்குத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக, நான் தவறவிடக்கூடாது என்பதுபோலச் சொன்னார்:

“பையை வைச்சிட்டு நான் இறங்கமாட்டன். பையோடை இறங்குவன். எனக்குப் பயமில்லை எண்டும் சொல்லு.”

மூன்று வாக்கியங்கள். அவற்றை டெனிஷில் சொல்ல எனக்கு ஐந்து வினாடி போதும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று எனக்கே தெரியாது. பையைத் திறக்கச் சொல்வார்கள். பிஸ்கட் வெளியே வரும். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியை தலையைச் சரித்தபடி காத்திருந்தார். அவரிடம் ஒரு வாக்கியம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. நான் செய்ததெல்லாம் அதை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்ததுதான்.

“அம்மாவுக்குப் பயமாம். மேலேயே இருப்பாராம்.”

பயம் என்பதற்கான டெனிஷ் சொல் அம்மாவுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் மாலையானதும் மூன்று பேராவது அதைச் சொல்லித்தான் அவருடைய கையைப் பிடிப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் மறந்திருப்பேன். ஓர் அந்நியர் வழி கேட்டால் அவர் முகத்தைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். பிறகு திரும்பி, செம்மறிகள் நின்ற மேட்டை நோக்கி நடந்தார்.

நான் என் சின்ன முதுகுப்பையைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு இறங்கினேன்.

உள்ளே எட்டுப் பாகை குளிர் என்று வழிகாட்டி சொன்னார். எண்ணெய், சுண்ணாம்பு, நனைந்த இரும்பு ஆகியவற்றின் மணம். சுவர்கள் வெள்ளை, இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைக் கோடு. இருட்டிலும் தெரியும்படி ஒருவகைப் பூச்சால் வரையப்பட்ட கோடாம், இப்போது ஒளி போய்விட்டது. குண்டுகளை ஏற்றிச் செல்லும் சின்னத் தண்டவாளம் ஒன்று எங்களோடு கூடவே வந்தது. முதல் இரும்புக் கதவைத் தாண்டியதும் வழிகாட்டி நின்றார். இந்தப் பாதை நேராக உள்ளே போகாமல், மூன்று எட்டு வைத்ததும் ஏன் வலப்பக்கம் திரும்புகிறது என்று கேட்டார். எதிரியைக் குழப்ப என்றான் ஒருவன். ஜெர்மன்காரருக்கு நேர்கோடு போடத் தெரியாததால் என்றார் தோழியின் தந்தை; பெரியவர்கள் சிரித்தார்கள்.

நான் கையை உயர்த்தினேன். வெடித்துச் சிதறும் துண்டுகள் நேராகத்தான் வரும், அவற்றுக்குத் திரும்பத் தெரியாது என்றேன்.

வழிகாட்டி என்னைக் கவனமாகப் பார்த்தார். முப்பது ஆண்டுகளில் இதைச் சரியாகச் சொன்ன பிள்ளைகளை ஒரு கையில் எண்ணலாம் என்றார். எந்தப் புத்தகத்தில் வாசித்தாய் என்று கேட்டார்.

“அம்மா சொன்னார்.”

“மேலே இருப்பவரா? பயந்தவரா?”

நான் தலையாட்டினேன். அது இரண்டாவது முறை. முதல்முறைக்கு அவசரத்தையும் வெட்கத்தையும் காரணமாகச் சொல்லலாம். இதற்கு ஒரு காரணமும் இல்லை. என் பின்னால் ஆசிரியை ஆழமாக மூச்சு விடுவது கேட்டது.

குண்டுகள் அடுக்கும் அறையில் வழிகாட்டி, ஐந்து நிமிடம் கோட்டை முழுவதும் விளக்கை அணைக்கப் போவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் மின்சாரம் நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் அறியவேண்டுமாம். ஆளியைத் தட்டினார். அப்படியோர் இருட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் வித்தியாசம் இல்லை. ஒருவன் பேய்போல ஊளையிட்டான். மற்றவர்கள் அலறினார்கள்; அலறுவது நன்றாக இருந்ததால் மீண்டும் அலறினார்கள். தோழி என் கையை நசுக்கினாள். அலறிக் களைத்துச் சிரித்து, ஒருவாறு அடங்கியபோது, வெகு தொலைவில் ஒரு மெல்லிய ஒலி கேட்டது. கொங்கிறீற்றில் உலோகம் உரசும் ஒலி. நிற்கும், உரசும், நிற்கும். அது நெருங்கி வந்தது. வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வெள்ளிநிறக் கொளுவி.

விளக்கு எரிந்தபோது அம்மா அறையின் வாசலில் நின்றார். ஒரு கை சுவரில். மறு கை பையில். தலைமுடியில் மேட்டின் காற்றும் தோளில் சுண்ணாம்புத் தூளும். ரோர்ச் லைற் பைக்குள்ளேயே இருந்தது. வெளிச்சம் காட்டி வரக்கூடாது என்பதும் அவருக்குப் பழைய பழக்கம். அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணினார். கடைசியாக என்னை.

“ஆருக்கு என்ன நடந்தது?”

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். எப்படி இருக்கும் என்று காட்ட விளக்கை அணைத்தார்கள் என்றேன்.

“விளையாட்டுக்கோ?”

ஓம் என்றேன். தமிழில்.

அவர் மேட்டில் காற்றுக் குழாய் ஒன்றின் அருகே இருந்திருக்கிறார். அலறல் குழாய் வழியே மேலே போயிருக்கிறது. ரிக்கற் கொடுக்கும் பெண் பின்னால் கூப்பிடக் கூப்பிட, படியிறங்கி, இருட்டில் இரண்டு திருப்பங்களையும் தாண்டி வந்திருக்கிறார். எப்படி வழி தெரிந்தது என்று வழிகாட்டி கேட்டார். அம்மா, அந்தப் பேருந்து நிறைந்த மனிதர்களுக்கு முன்னால் முதல்முறையாக, டெனிஷில் பதில் சொன்னார். முதியோர் இல்லத்தில் கற்ற, மேற்கு யூட்லாந்துக் கிழவர்களின் இழுவையுள்ள டெனிஷ். சுவரில் கையை வைத்தால் சுவரே கொண்டுவந்து விடும் என்றார். பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

“நான் பயப்படவில்லை. பைதான் காரணம்.”

அவ்வளவுதான். அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. இப்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஆசிரியையின் கண்கள் நிறைந்திருந்தன. அவர் அம்மாவைக் கட்டி அணைத்தார். எவ்வளவு துணிச்சல் என்றார். பிள்ளைக்காக இவ்வளவு பயத்தையும் வென்று இறங்கி வந்தீர்களே என்றார். யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். அந்த அணைப்புக்குள் அம்மா நேராக நின்றார், பை இருவருக்கும் நடுவில் நசுங்க. என் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு அழகான ஒரு முடிவு கிடைத்துவிட்டிருந்தது.

வழிகாட்டி மட்டும் கைதட்டவில்லை. பை கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அதை மாட்டிவிட்டு வரச் சொல்லவில்லை. மீதி வழி முழுவதும் அம்மா அவருக்கு அருகில் நடந்தார். கூரை எத்தனை அடி என்று கேட்டார். இரண்டு மீற்றர் கொங்கிறீற், அதன் மேல் மண் என்றார் அவர். தாங்கள் பனங்குற்றியும் மண்மூடையும் வைத்துக் கட்டியதாக அம்மா சொன்னார். மழைக்காலத்தில் உள்ளே வரும் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். வழிகாட்டி நின்றுவிட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அதைத் தன்னிடம் கேட்டதில்லை என்றார். எங்கள் எல்லோரையும் காத்திருக்க வைத்து, பயணப் பாதையில் இல்லாத ஒரு கதவைத் திறந்து, வடிகாலைக் காட்டினார். அம்மா குனிந்து பார்த்துத் தலையசைத்தார். நல்ல வேலைக்காரர் இருவர் ஒருவர் வேலையை மற்றவர் பார்வையிடுவதுபோல இருந்தது. புறப்படும்போது அவர் அம்மாவுக்குக் கோட்டையின் படம் போட்ட தபாலட்டை ஒன்றைக் கொடுத்தார். அதை நான் எங்கோ தொலைத்துவிட்டேன்.

பையும் இப்போது இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறிய வீட்டுக்கு மாறியபோது, வார் அறுந்துபோன அதை அம்மா மீள்சுழற்சி நிலையத்தில் போட்டுவிட்டு, தாள்களை ஒரு தடித்த கோப்பில் அடுக்கினார். என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். “அது பை, பிள்ளை. சாமியில்லை,” என்றார். பொருள்களில் நினைவைத் தேடும் என் படிப்பின் மீது அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை.

அன்று மாலை ஏழு மணிக்குப் பாடசாலையின் பெற்றோர் இணையப்பக்கத்தில் ஆசிரியையின் செய்தி வந்தது. அம்மாவின் பெயரில் அந்தப் பக்கத்தைத் திறப்பதும், வரும் செய்திகளை வாசித்துச் சொல்வதும், அம்மாவாக இருந்து பதில் எழுதுவதும் இரண்டு ஆண்டுகளாக என் வேலை. உங்களில் பலருக்கும் அதே வேலை இருந்தது என்பது எனக்குத் தெரியும். அம்மா சமையலறை மேசையில் பையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருக்கிறா?”

இந்தமுறை ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் வாசித்தேன். இன்று நம் வகுப்புத் தாய் ஒருவர், போர் தந்த பயத்தை வென்று, மகளுக்காக இருளில் இறங்கினார். நாம் எல்லோரும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கீழே பதினொரு பெற்றோர் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஒரு படமும் இருந்தது: மஞ்சள் ஸ்வெட்டரின் கைகளுக்குள் அம்மாவின் தலை.

“அவவிலை பிழையில்லை,” என்றார் அம்மா. “நீ குடுத்ததைத்தான் எழுதியிருக்கிறா.”

நான் அழத் தொடங்கினேன். அவர் என்னைத் தேற்றவில்லை. பைக்குள்ளிருந்து தன் மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். இந்த நாட்டில் வைத்தியசாலையிலும் நூலகத்திலும் நாம் காட்டும் அதே அட்டை. அதன் எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த திகதி.

“எனக்கு எப்ப பிறந்தநாள்?”

“ஜூலை பத்தொன்பது.”

“இதிலை?”

ஜனவரி ஒன்று. அதை நான் எத்தனையோ படிவங்களில் நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொரு புத்தாண்டு நாளும் முதியோர் இல்லத்தில் அவருடைய மேசையில் ஒரு சின்ன டெனிஷ் கொடியை நட்டு வைப்பார்கள், பாட்டும் பாடுவார்கள். ஏன் அப்படி என்று நான் கேட்டதே இல்லை. அம்மா சொன்னார். பதினான்கு வயதில், குண்டு விழும்போது வீட்டில் பையைத் தூக்குவது அவருடைய வேலை. தண்ணீர் ஒருவருக்கு, பாய் ஒருவருக்கு, பை அவருக்கு. ஒருநாள் கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் பை வீட்டுக்குள் தங்கிவிட்டது. பங்கருக்குள் இருந்த எல்லோரும் தப்பினார்கள், வீடு எரிந்தது, பைக்குள் இருந்த தாள்களோடு. பிறகு இங்கே வந்து விசாரணை மேசையில் இருந்தபோது பிறந்த ஆண்டுக்கு மட்டுமே கையில் ஓர் அத்தாட்சி இருந்தது. நாளையும் மாதத்தையும் சொன்னார், தாள் இல்லை. மேசையின் மறுபக்கத்தில் இருந்தவர் அன்பாகச் சிரித்து, ஒன்று, ஒன்று என்று பதிந்தார். அம்மா இதைத் துயரமாகச் சொல்லவில்லை. வேலையில் ஒருமுறை விட்ட தவறாகச் சொன்னார்.

“ஒருக்காப் பிழையாய்ப் பதிஞ்சால், பிறகு அதுதான் நான். சந்தோசமாய்க் கொடியும் வைப்பினம்.”

அட்டையை உறைக்குள் போட்டு, பையைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, அப்பாவுக்குச் சோறு மூடி வைக்கப் போனார்.

அடுத்த நாள் நான் செய்ததால் எதுவும் மாறியது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். யாரும் பதில் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியை அம்மாவின் கையைத் தேவைக்கு அதிகமான நேரம் பிடித்திருந்தார். ஒருமுறை மனநல ஆற்றுப்படுத்துநர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். புத்தாண்டுக் கொடி இன்றும் நடப்படுகிறது. அதனால்தான் இதை மீண்டும், இந்தமுறை தமிழில், எழுதுகிறேன். பிழையான பதிவு எத்தனை தடவை படிக்கப்படுகிறதோ, அத்தனை தடவை திருத்தம் எழுதப்பட வேண்டும் என்பது என் எண்ணம். பயத்தை எதிர்பார்த்து இதுவரை வாசித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

செப்டெம்பர் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்குச் சற்றுப் பிந்தி, அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் கணினியைத் திறந்தேன். பக்கம் அம்மாவின் பெயரில்தான் திறந்தது, வேறு வழியில்லை. ஆனால் முதல் வரியில், இதை எழுதுவது அம்மா அல்ல, மகள் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். நேற்று வாசலில் நான் தவறாக மொழிபெயர்த்தேன் என்று எழுதினேன். பிறகு அழித்தேன், ஏனென்றால் தவறாக என்பது தெரியாமல் செய்ததுபோல இருந்தது. தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்று எழுதினேன். அம்மா உண்மையில் சொன்னது இது என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, மூன்று வாக்கியங்களையும் டெனிஷில் எழுதினேன்: பையை வைத்துவிட்டு நான் இறங்கமாட்டேன். பையோடு இறங்குவேன். எனக்குப் பயமில்லை என்றும் சொல்லு.

அம்மா தேநீர்க் கோப்பையோடு என் பின்னால் வந்து நின்றார். உதடுகள் அசைய, மெதுவாக, முழுவதையும் அவரே வாசித்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

“‘சொல்லு’ எண்டதையும் எழுதினியோ?”

“ஓம்.”

“அப்ப அனுப்பு,” என்றார்.

அனுப்பினேன்.